எந்தப் படம், தங்கச்சி?

வியாழக்கிழமை இரவு மணி 10. மைக்கைத் திறந்து, "வணக்கம், அடுத்த ஒரு மணி நேரம் முழுக்க சினிமாவில் வராத தமிழ்ப் பாட்டுகள்" என்று சொல்லி முதல் பாட்டை விடுகிறேன். ஹெட்போனைக் கழற்றி மேசையில் வைப்பதற்குள் வானொலி நிலையத்தின் வாட்ஸ்அப்பில் வந்து விழுகிறது: "பாட்டு நல்லா இருக்கு தங்கச்சி. எந்தப் படம்?"

இப்போதுதானே சொன்னேன்! ஒரு நிமிஷம்கூட ஆகவில்லையே! இரண்டு வருஷமாக வாரா வாரம் இதே வாக்கியத்தைத்தானே சொல்லிக்கொண்டிருக்கிறேன்!

படம் இல்லை அண்ணே. காஜாங்கில் ஒரு தம்பி. பகலில் கிராப் வாடகைக் கார் ஓட்டுகிறான். ராத்திரி அறைக் கதவைச் சாத்தி, மெத்தையைத் தூக்கிச் சுவரில் சாய்த்து, போர்வையைத் தலைக்கு மேல் கட்டி, வேர்த்து வழிந்து அந்தப் பாட்டைப் பதிவு செய்தான். அவனே எழுதினான், அவனே மெட்டுப் போட்டான். அதில் கதாநாயகன் கிடையாது. மழையில் யாரும் நனையவில்லை. வெளிநாட்டு மலைச்சரிவில் யாரும் உருளவில்லை. இத்தனையையும் தட்டச்சு செய்து அனுப்பினால் ஒரு பதில் வரும்: "ஓ... ஆல்பம் பாட்டா."

அந்த "ஓ" இருக்கிறதே. பிரசவ அறை வாசலில் அந்தக் காலத்து மாமியார்கள் "ஓ, பொம்பளப் பிள்ளையா" என்பார்களே, அதே ஓ.

நான் கோலாலம்பூரில் ஒரு கல்லூரியில் மூன்றாம் ஆண்டு. கல்லூரி வானொலி இணையத்தில் ஓடுகிறது, கேன்டீன் ஸ்பீக்கரிலும் கேட்கும். பெரும்பாலும் மலாயும் ஆங்கிலமும். தமிழுக்கு வாரத்தில் சில மணி நேரம், அதில் ஒன்று என்னுடையது. சம்பளம் கிடையாது, புறப்பாடப் புள்ளி உண்டு. ஸ்டூடியோ ஏர்கோனை 16 டிகிரியில் வைத்து ரிமோட்டை யாரோ தொலைத்துவிட்டார்கள், அதனால் ஜாக்கெட் போட்டுக்கொண்டுதான் நிகழ்ச்சி. மிக்சரில் ஒலியைக் கூட்டிக் குறைக்கும் மூன்றாவது ஃபேடர் செத்துப்போய் அதன் மேல் கறுப்பு டேப். 11 மணிக்கு முடித்து, கதவைப் பூட்டி, சாவியைப் பாதுகாவலர் அங்கிளிடம் கொடுத்துவிட்டு, செந்தூல் தீமோர் போகிற எல்ஆர்டியைப் பிடிக்க ஓட வேண்டும். இதெல்லாம் எனக்குக் குறையே இல்லை. விரும்பித்தான் செய்கிறேன். குறை அந்த ஒரு கேள்விதான்.

கேட்பவர் கேட்டுவிட்டுப் போகட்டும் என்று விடலாம். ஆனால் நிலையத்துக்கு நிரப்பித் தரும் பாரமும் அதையே கேட்கிறது.

ஒவ்வொரு திங்கட்கிழமையும் மாலை 5 மணிக்குள், அந்த வாரம் போடப்போகிற பாட்டுகளை ஒரு எக்செல் பாரத்தில் நிரப்பி அனுப்ப வேண்டும். பாட்டு, பாடியவர், இசை, அப்புறம் நான்காவது கட்டம்: 'நாமா ஃபிலெம்', படத்தின் பெயர். பக்கத்தில் சிவப்பு நட்சத்திரம், அதாவது கட்டாயம். காலியாக விட்டால் அந்த வரிசை முழுக்கச் சிவந்துவிடும். ஒரு சின்னக் கோடு போட்டாலும் சிவப்பு. "தியாடா", இல்லை என்று மலாயிலேயே எழுதிப் பார்த்தேன். அதை ஏற்றுக்கொண்டது. மறுநாள் காலை அலுவலகத்திலிருந்து திரும்பி வந்தது: "சிலா லெங்காப்கான்." தயவுசெய்து பூர்த்தி செய்யவும். எதை ஐயா பூர்த்தி செய்வது? இல்லாத படத்தையா?

பொறுப்பில் இருப்பவர் நல்ல மனிதர்தான். போன் செய்தால் சிரித்துக்கொண்டே, "லாகு தமிழ் மெஸ்தி அடா ஃபிலெம், கான்?" என்கிறார். தமிழ்ப் பாட்டென்றால் படம் இருக்குமே, இல்லையா? அப்புறம் ராயல்டி கணக்குக்கு வேண்டும் என்றார். ராயல்டிக்கு எழுதியவர் யார், இசையமைத்தவர் யார், பாடியவர் யார், வெளியிட்டவர் யார் என்பதல்லவா வேண்டும்? பாட்டை எழுதியவனுக்குப் போக வேண்டிய காசு, படத்தின் பெயரைப் போட்டால் வழி கண்டுபிடித்துப் போய்ச் சேருமா? ஒவ்வொரு பதிவுக்கும் ஐஎஸ்ஆர்சி என்று எழுத்தும் எண்ணுமாக 12 இடம் கொண்ட அடையாளக் குறி உலகமெங்கும் இருக்கிறது. நம் அடையாள அட்டை எண் மாதிரி. அதைக் கேட்க அந்தப் பாரத்தில் கட்டமே கிடையாது.

மலாய்ப் பாட்டுக்கான பாரத்தை வாங்கிப் பார்த்தேன். படம் என்ற கட்டமே இல்லை. மாண்டரின் பாரத்திலும் இல்லை. தமிழ்ப் பாரத்தில் மட்டும். நம்மைப் பற்றித் தெரியாத யாரோ போட்டது என்று ஒரு வருஷம் அலுவலகத்தையே மனதுக்குள் திட்டிக்கொண்டிருந்தேன். விசாரித்தால், அந்தக் கட்டத்தைக் கேட்டு வாங்கிச் சேர்த்தது எங்களுக்கு முந்தின ஒரு தமிழ் சீனியராம். "நேயர்கள் கேட்பாங்க, நமக்கு வசதியா இருக்கும்" என்றாராம். அன்றைக்கு வந்த வயிற்றெரிச்சலுக்குக் கேன்டீனில் இரண்டு கிளாஸ் பார்லி குடித்தும் அடங்கவில்லை.

எனக்கு முந்தின மணி நேரம் மலாய் இண்டி நிகழ்ச்சி. நடத்துபவன் என் வகுப்புத் தோழன். பட்டர்ஃபிங்கர்ஸ் போடுகிறான், ஹுஜான் போடுகிறான், நேற்று முளைத்த பெயர் தெரியாத குழுவையும் போடுகிறான். ஒருவராவது அவனிடம் "ஃபிலெம் அபா?", என்ன படம் என்று கேட்டிருப்பார்களா? "இந்தக் குழு எங்கே வாசிக்கிறாங்க, டிக்கெட் எவ்வளவு" என்று கேட்கிறார்கள். அவர்களுக்கும் ஒரு காலத்தில் பாட்டும் படமும் ஒன்றாகத்தான் கிடந்தன. பினாங்கில் பிறந்த பி. ரம்லி 1950களிலும் 60களிலும் தானே நடித்து, இயக்கி, பாடிய படங்களிலிருந்து வந்த பாட்டுகளை இன்றைக்கும் பாடுகிறார்கள். ஆனால் அங்கே பாட்டு எப்போதோ படத்தின் இடுப்பை விட்டு இறங்கித் தன் காலால் நடக்கப் பழகிவிட்டது. நம்முடையது இன்னும் இறங்கவில்லை, இறக்கிவிட்டால் அழுகிறது.

அதே பினாங்கிலிருந்து வந்தவர்கள்தான் அலிகேட்ஸ் இசைக்குழு. டேவிட் ஆறுமுகம், லோகநாதன் ஆறுமுகம், நம் வீட்டுப் பிள்ளைகள். மலாயில் பாடி நாடு முழுக்கக் கொண்டாடப்பட்டவர்கள். 2007இல் லோகா இறந்துபோனபோது என் அப்பா ஒரு வாரம் அவர் பாட்டையே போட்டுக்கொண்டிருந்தார். கேசட்டுகள் இன்னும் அலமாரியில் இருக்கின்றன. ஒரு நாளாவது "இது எந்தப் படம்" என்று அப்பா யோசித்திருப்பாரா? மாட்டார். அதே அப்பா என் முதல் நிகழ்ச்சியை அரைத் தூக்கத்தில் உட்கார்ந்து கேட்டுவிட்டு, நான் வீட்டுக்குள் நுழைந்ததும் பெருமையாகச் சொன்னார்: "மூணாவதா போட்டியே, அது நல்லா இருந்துச்சு பிள்ளை. எந்தப் படம்?"

சினிமாப் பாட்டின் மேல் எனக்குப் பகை இல்லை. தொட்டிலில் கேட்டதும் அதுதான், இப்போது பாத்திரம் கழுவும்போது பாடுவதும் அதுதான். 1952இல் இந்தியாவில் தகவல் ஒலிபரப்பு அமைச்சராக வந்த பி.வி. கேஸ்கர், சினிமாப் பாட்டு தரக்குறைவு என்று அதை அகில இந்திய வானொலியிலிருந்து விரட்டப் பார்த்தார். ஜனங்கள் சத்தம் போடாமல் முள்ளைத் திருப்பி இலங்கை வானொலிக்குப் போய்விட்டார்கள். கடைசியில் 1957இல் விவித் பாரதியைத் தொடங்கி அரசாங்கமே அந்தப் பாட்டுகளைப் போட வேண்டியதாயிற்று. நான் கேஸ்கர் இல்லை. வாரத்துக்கு 168 மணி நேரம். வீட்டில் மின்னல் வானொலி, காரில் ராகா வானொலி, பிரிக்பீல்ட்ஸ் நடைபாதையில் கடைக்குக் கடை ஸ்பீக்கர், கல்யாண மண்டபத்தில் காது கிழிய. 167 மணி நேரத்தை வைத்துக்கொள்ளுங்கள் என்றுதானே சொல்கிறேன்.

சினிமா இல்லாத பாட்டு நமக்கு ஏதோ வேற்றுக்கிரகத்துச் சரக்கும் இல்லை. தைப்பூசத்துக்குப் பத்துமலையில் 272 படிக்குக் கீழே நின்று பாருங்கள். உருமி மேளம் இறங்கி அடிக்கும்போது மயிர்க்கால் எல்லாம் எழுந்து நிற்கிறதே, அது எந்தப் படம்? (அதிலும் இப்போது சினிமா மெட்டு புகுந்துவிட்டது. அது வேறு குமுறல், இன்னொரு நாளைக்கு.) 2006இல் யோகி பியும் நட்சத்திராவும் 'வல்லவன்' ஆல்பத்தை இந்த ஊரிலிருந்துதான் போட்டார்கள். தமிழ்நாட்டுப் பையன்கள் தேடிப் பிடித்துக் கேட்ட தமிழ் ராப், நம் ஊர்ச் சரக்கு. அதிலிருந்து 'மடை திறந்து' போட்டால் மட்டும் எனக்கு அந்தக் கேள்வி வராது. அதற்குப் பதிலாக விடையே வந்துவிடும்: "நிழல்கள் படம்தானே தங்கச்சி? இளையராஜா, 1980!" அடியில் இருக்கும் மெட்டு அந்தப் படத்துடையது, சரிதான். மேலே மூன்று பேர் மூச்சைப் பிடித்து வரி வரியாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்களே, அது உங்கள் காதில் விழவே இல்லையா?

2018 ஜனவரியில் சென்னையில் முதல் மேடை ஏறிய கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் குழுவின் பாட்டுகளுக்கு ஒரு வாரம் முழு மணி நேரமும் கொடுத்தேன். கானா, ராக், ராப் எல்லாம் கலந்து, சாதியைப் பற்றி நேருக்கு நேர் பாடுகிறவர்கள். அன்று வந்தது மூன்று செய்தி. இரண்டு, எந்தப் படம். ஒன்று, "இது ரஞ்சித் படமா?" இயக்குநர் பா. ரஞ்சித் அந்தக் குழுவைச் சேர்த்தவர்களில் ஒருவர் என்பதால் இதற்கு மட்டும் பாதி மதிப்பெண் கொடுத்தேன்.

மனிதர்களை விடுங்கள், மெஷினும் கூட்டுச் சேர்ந்துகொண்டது. நிலையத்துக் கணினியில் ஒரு ஏற்பாடு உண்டு. 20 விநாடி சத்தம் இல்லாவிட்டால் ஏதோ கோளாறு என்று எண்ணிக்கொண்டு, கைவசம் இருக்கும் பட்டியலிலிருந்து தானாக ஒரு பாட்டைத் தூக்கிப் போட்டுவிடும். நல்ல ஏற்பாடுதான், யாராவது தூங்கிப்போனால் உதவும். ஒரு வாரம் காப்பார் பக்கத்து அக்கா ஒருத்தர் அனுப்பிய பாட்டைப் போட்டேன். தோட்டத்தில் பாட்டி இருந்த லயத்து வீடு, தகரக் கூரை. இடிப்பதற்கு முன்னால் அங்கே போய் உட்கார்ந்து மழையைப் பதிவு செய்திருக்கிறார். முதல் அரை நிமிஷம் அந்த மழை மட்டும். ரொம்ப மெல்ல, தூரத்தில் பெய்வது போல. அப்புறம்தான் ஒற்றைத் தப்பு மேளம், அதற்கு அப்புறம் குரல். நான் விளக்கைக் கொஞ்சம் குறைத்துவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு, இப்போது தப்பு வரும், இப்போது வரும் என்று காத்திருக்கிறேன்.

தப்பு வரவில்லை. கல்யாண வீட்டுக் குத்துப்பாட்டு வந்தது! நாதஸ்வரம், விசில், "ஏய்" என்று நாற்பது பேர். மெஷினுக்கு அந்த மழை காதில் விழவில்லை. பதறிப்போய்த் தவறான ஃபேடரை இழுத்து (ஆமாம், அந்த டேப் போட்டதைத்தான்), அது வேலை செய்யாமல், கடைசியில் எல்லாவற்றையும் நிறுத்தி மன்னிப்புக் கேட்பதற்குள் ஒன்றரை நிமிஷம் போய்விட்டது. அதற்குள் வாட்ஸ்அப்பில் ஐந்து செய்தி. இரண்டு வருஷத்தில் அத்தனை வேகமாக ஐந்து செய்தி வந்ததே இல்லை. "சூப்பர் தங்கச்சி, இப்பதான் நல்ல பாட்டு போட்டீங்க."

அந்த அக்காவுக்கு நான் என்ன பதில் சொல்லட்டும்? அவரும் கேட்டுக்கொண்டுதானே இருந்தார்.

கலைஞர்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. பாட்டை வாட்ஸ்அப்பில் நசுக்கி அனுப்புவார்கள், காதில் போட்டால் தகர டப்பாவில் கல் போட்டுக் குலுக்கியது போல இருக்கும். வரி எழுதியது யார் என்று கேட்டால் "அது ஒரு ஃபிரண்டு அக்கா" என்பார்கள். பேட்டியில், இனி என்ன செய்யப்போகிறீர்கள் என்று கேட்டால் பத்தில் எட்டுப் பேர், "சினிமால ஒரு சான்ஸ் கிடைச்சா..." என்று இழுப்பார்கள். அந்த நேரத்தில் அவர்கள் மைக்கை நான் அணைக்காமல் இருப்பதே என் பொறுமைக்குச் சாட்சி.

சரி, போன திங்கட்கிழமைக்கு வருகிறேன். மணி 4.50. மறுநாள் அசைன்மென்ட் வேறு. காஜாங் தம்பியின் புதுப் பாட்டு, வரிசை சிவந்து நிற்கிறது. வாரா வாரம் செய்வது போல அலுவலகத்துக்குப் போன் போட்டுக் கெஞ்ச எனக்குத் தெம்பில்லை. தலையைத் தூக்கிப் பார்த்தால் ஏர்கோனில் பச்சை எழுத்தில் 16. கட்டத்தில் எழுதினேன்: 'பதினாறு டிகிரி'. வரிசை வெள்ளையாகிவிட்டது. ஐந்தே நிமிஷத்தில் பதில்: "டிலுலுஸ்கான்." அனுமதிக்கப்பட்டது. இரண்டு வருஷத்தில் திரும்பி வராத முதல் பாரம்.

வியாழக்கிழமை அந்தப் பாட்டு ஓடியபோது இணைய பிளேயரின் திரையில் பெயருக்குக் கீழே 'படம்: பதினாறு டிகிரி' என்று அழகாக வந்தது. பாரத்தில் உள்ளது அப்படியே திரைக்குப் போகும் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. வாட்ஸ்அப்பைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். எந்தப் படம் என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. ஒருவர் கதாநாயகன் யார் என்றார். ஒருவர் இங்கே எந்தத் தியேட்டரில் ஓடுகிறது என்றார். காஜாங் தம்பி போனே செய்துவிட்டான், மூச்சு வாங்குகிறது: "அக்கா, என் பாட்டப் படத்துல எடுத்துட்டாங்களா? யாரு அக்கா டைரக்டர்? என்கிட்ட யாருமே சொல்லலையே!" அவனுக்கு விளக்கிச் சொல்லி முடித்தபோது எதிர்முனையில் வந்ததும் அதே "ஓ"தான்.

நிகழ்ச்சி முடிய இரண்டு நிமிஷம் இருக்கும்போது கடைசிச் செய்தி வந்தது. வழக்கமாக எந்தப் படம் என்று கேட்கும் அதே அண்ணன்தான்.

"இந்தப் படம் பார்த்துட்டேன் தங்கச்சி. இடைவேளைக்கு அப்புறம் கொஞ்சம் இழுவை. பாட்டு மட்டும் ஓகே."