வீட்டு வரைபடத்துக்கு முன்னால் சோதனைக்குழி

இங்கிலாந்தின் கோல்செஸ்டர் ஊருக்கு மேற்கே பழைய மண்கரைகள் இன்னும் நிற்கின்றன. கி.பி. 43-இல் ரோமானியர் பிடித்த பழைய பிரிட்டானியத் தலைநகரான கமுலோடுனத்தின் அரண்கள் அவை. கரை, அதன் முன்னால் அகழி. பல இடங்களில் அகழி தூர்ந்துவிட்டது, மேலே புல்தான் தெரியும். பக்கத்திலேயே வீட்டுமனைகள்.

அந்த நாட்டில் 1990-இல் வந்த திட்டமிடல் வழிகாட்டுதலுக்குப் பிறகு தொல்லியல் சோதனைச் செலவை வீடு கட்டுபவரே ஏற்கிறார். அது நியாயம்தான். ஆனால் அனுமதி கொடுத்த பிறகு அந்தச் சோதனையை ஒரு நிபந்தனையாகச் சேர்ப்பதை நான் ஏற்க மாட்டேன். வரைபடம் முடிந்தபின் குழியில் எது கிடைத்தாலும் வீட்டை நகர்த்த இடமிருக்காது. முதலில் குழி, பிறகுதான் வரைபடம்.

மனைப்பரப்பில் 4, 5 சதவீதம் தோண்டினால் போதும் என்பார்கள். 600 சதுர மீட்டர் மனையில் 5 சதவீதம் 30 சதுர மீட்டர். மண் அள்ளும் எந்திரத்தின் 1.8 மீட்டர் அகல பக்கெட்டால் தோண்டினால் சுமார் 17 மீட்டர் நீளக் குழி ஒன்றே ஒன்று. கீழடிப் படங்களில் பார்க்கும் சதுரக் குழி போலல்ல, நீண்ட ஒற்றைப் பட்டை. அதனால் சதவீதத்தைவிடத் திசைதான் முக்கியம். கரைக்குக் குறுக்கே போட வேண்டும். இணையாகப் போட்டால் குழி முழுக்கத் தூர்ந்த அகழிக்குள்ளேயே விழலாம். தரையும் சுவரும் ஒரே நிறத்தில் இருக்கும், அதைக் கன்னிமண், அதாவது மனிதர் கைபடாத இயற்கை மண், என்று எண்ணி நிறுத்திவிடுவார்கள்.

பக்கெட்டில் பல் இருக்கக் கூடாது. பல் மண்ணைக் கீறிக் கலைத்துவிடும், நிற வேறுபாடு தெரியாது. மேல்மண்ணையும் அடிமண்ணையும் தனித்தனியாகக் குவிக்க வேண்டும். எந்திரம் பின்வாங்கியபடியே மெல்லிய அடுக்காகச் சீவ வேண்டும், திறந்த தரைமீது ஏறவே கூடாது. தொல்லியலாளர் கூடவே நின்று முதல் தடயத்தில் நிறுத்தச் சொல்வார். அதன்பின் கைக்கரண்டிதான். பள்ளமென்றால் பாதியை மட்டும் வெட்டி, வெட்டுமுகத்தை வரைவார்கள். அகழி 1.2 மீட்டருக்குக் கீழே போனால் பக்கங்களைப் படியாக வெட்டாமல் ஆளை இறக்கக் கூடாது. சரிந்தால் உயிர் போகும்.

அங்குள்ள மணல், சரளை நிலத்தில் கோடையில் பெரிய சிக்கல். திறந்த சில மணி நேரத்தில் காய்ந்து நிறமெல்லாம் வெளிறிவிடும். தண்ணீர் தெளித்து உடனே படமெடுக்காவிட்டால் பழைய தூண்கள் நட்டிருந்த கம்பக்குழிகள் கண்ணிலேயே படாது.

கரையின் அடியில் அது எழுந்த காலத்துப் பழைய நிலமட்டம் அப்படியே புதைந்திருக்கலாம். அதன் மண்ணில் கருகிய தானியம் கிடைத்தால் அன்றைய விவசாயமே தெரியவரும். எந்திரத்தை அவசரமாக இறக்கினால் முதலில் அழிவது அதுதான்.

வீட்டுக்காரர்கள் அஸ்திவாரத்தையே நினைக்கிறார்கள். ஆழமான கேடு கழிவுநீர்க் குழாயிலும் மழைநீர் உறிஞ்சுகுழியிலும் இருக்கிறது. அவை உத்தேசமாக எங்கே வரும் என்றாவது தெரியாமல் குழி போடுவது வீண். முன்கூட்டித் தெரிந்தால் வீட்டைச் சில மீட்டர் தள்ளலாம், அகழியின் மேல் தோட்டத்தை விடலாம், வீட்டின் அடி முழுக்கப் பாய்போல விரியும் ஆழமில்லாத பாய் அஸ்திவாரம் போடலாம்.

2004-இல் இதே ஊரில், ராணுவக் குடியிருப்பு நிலத்தை வீடுகளுக்காக மாற்றும் முன் நடந்த அகழாய்வில்தான் பிரிட்டனில் அறியப்பட்ட ஒரே ரோமானியத் தேரோட்டக் களம் வெளிப்பட்டது. மேலே எந்த அடையாளமும் இல்லை.

குழி வெறுமையாக வந்தாலும் அறிக்கையை உள்ளூர்த் தொல்லியல் பதிவேட்டில் சேர்த்தே ஆக வேண்டும். குழியை மூடும்போது அடுக்கடுக்காகத் திமிசு போடச் சொல்லுங்கள். இல்லையேல் அதன்மீது வரும் சுவர் இறங்கும், அந்த இடத்தில் அஸ்திவாரத்தை இன்னும் ஆழமாக வெட்டச் சொல்வார் பொறியாளர்.