வரைபடம் என்றால் புள்ளி வைப்பது மட்டுமா?

பத்தாம் வகுப்பில் வரைபடக் கேள்வியை "மார்க் அள்ளுற கேள்வி" என்றே சொல்லிக்கொடுக்கிறோம். நர்மதை, சோட்டாநாகபுரி, கட்ச் வளைகுடா என்று பிள்ளைகள் கண்ணை மூடிக்கொண்டு குறித்துவிடுவார்கள். அதே பிள்ளையிடம் சொந்த ஊரின் தலப்படத்தை (மேடு பள்ளம், சாலை, ஏரி எல்லாம் காட்டும் விரிவான நிலவரைபடம்) கொடுத்து, பள்ளியிலிருந்து ஏரிக்கரை எவ்வளவு தூரம், எந்தத் திசை என்று கேட்டால் திணறுகிறது. ஒன்பதாம் வகுப்பில் நிலவரைபடத் திறன்கள் என்று தனிப் பாடமே இருக்கிறது. ஸ்கேலும் நூலும் கையில் இல்லாமல் அதை வாசித்து முடித்துவிடுவதுதான் கோளாறு.

முதலில் அளவை. இந்திய நில அளவைத் துறையின் 1:50,000 தலப்படத்தில் 2 செ.மீ. என்றால் தரையில் 1 கி.மீ. எழுத்து பொடியாக இருக்கிறதே என்று அதில் ஒரு பகுதியை ஏ4-லிருந்து ஏ3-க்குப் பெரிதாக்கி ஜெராக்ஸ் எடுக்கிறோம். நீளம் எல்லாம் 1.41 மடங்காகிவிடும். ஓரத்தில் மட்டும் 1:50,000 என்றே இருக்கும். 4 செ.மீ. சாலையை அளந்த மாணவி 2 கி.மீ. என்று எழுதுவாள். உண்மையில் அது 1.4 கி.மீ.தான். அவள் போட்ட கணக்கில் ஒரு பிழையும் கிடையாது. கோட்டளவை, அதாவது கி.மீ. குறித்துப் படத்திலேயே வரைந்திருக்கும் அளவுகோடு, படத்தோடு சேர்ந்தே பெரிதாகும், அதனால் அது ஏமாற்றாது. ஜெராக்ஸில் அதை வெட்டிவிடாதீர்கள். வளைந்த சாலைமேல் நூலைப் படியவைத்து, அதே நூலைக் கோட்டளவைமேல் நீட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். ஸ்மார்ட் போர்டில் காட்டும் படத்துக்கும் இதேதான்.

ஒரே உயரத்தில் உள்ள இடங்களை இணைக்கும் சம உயரக்கோட்டை விளக்க ஒரு பெரிய உருளைக்கிழங்கு போதும். பாதியாக வெட்டிக் கவிழ்த்து, மேலிருந்து கீழாக இரண்டு குச்சிகளைச் செருகி எடுங்கள். பிறகு 1 செ.மீ. கனத்தில் கிடைமட்டமாகச் சீவுங்கள். அடிச் சீவலில் தொடங்கி ஒவ்வொன்றாகத் தாளில் வைத்து விளிம்பை வரைய வேண்டும். குச்சி போன இரண்டு ஓட்டைகளும் ஒவ்வொரு முறையும் அதே புள்ளிகளில் பொருந்த வேண்டும். ஓட்டை போடாமல் சீவினால் சீவல்கள் நகர்ந்து, கோடுகள் ஒன்றையொன்று வெட்டிக்கொள்ளும். ஒரு சீவலுக்கு 20 மீட்டர் என்று வைத்துக்கொண்டால், சரிவு செங்குத்தான பக்கம் கோடுகள் ஏன் நெருங்குகின்றன என்பதைத் தனியாக விளக்கவே வேண்டாம்.

திசையில்தான் பெரிய குழப்பம். படத்தைச் சுவரில் மாட்டி மாட்டி, வடக்கு என்றால் மேலே என்று பதியவைத்துவிட்டோம். படத்தைத் தரையில் விரித்து வடக்கு பார்த்துத் திருப்புங்கள். நண்பகல் நிழல் வடக்கே விழும் என்ற விதியை இங்கே நம்ப முடியாது. சென்னையில் ஏப்ரல் கடைசி வாரத்திலிருந்து ஆகஸ்ட் நடுப்பகுதி வரை அது தெற்கே விழுகிறது. ஜூன் 21 அன்று 1 மீட்டர் குச்சிக்கு நிழல் ஏறத்தாழ 18 செ.மீ. அதுவும் சரியாக 12 மணிக்கு அல்ல, பத்து நிமிடம் கழித்து. பள்ளி திறந்ததும் சோதனை செய்யும் பிள்ளைக்குப் பாடம் தலைகீழாகத் தெரியும்.

எந்த மாதத்துக்கும் பொருந்துவது பழைய சங்கு முறை (சங்கு என்றால் இங்கே நிழல் பார்க்க நடும் குச்சி). குச்சியை நேராக நட்டு, அதைச் சுற்றி வட்டம் போடுங்கள். காலையில் நிழல் நுனி வட்டத்தைத் தொடும் இடத்தில் ஒரு புள்ளி, மாலையில் தொடும் இடத்தில் இன்னொன்று. இரண்டையும் இணைத்தால் கிழக்கு மேற்குக் கோடு. காலைப் புள்ளி மேற்கு.

இதையெல்லாம் 40 நிமிட பீரியடில் செய்ய முடியாது என்பது நியாயமான புகார். வரலாறு படித்துவிட்டு புவியியலும் எடுக்கும் ஆசிரியர்களைக் குறை சொல்லவும் மாட்டேன். மாதத்துக்கு ஒருமுறை இரண்டு பீரியடைச் சேர்த்துக் கொடுங்கள். வினாத்தாளில் கோட்டளவையோடு ஒரு தலப்படத் துண்டை அச்சிட்டு, இரண்டு ஊர்களுக்கு இடையே தூரமும் திசையும் கேளுங்கள். தேர்வில் வந்தால்தான் வகுப்பறைக்கு நூலும் ஸ்கேலும் வரும்.