சொம்பின் வாய் வட்டமா?

"எனக்கு ட்ராயிங் வராது சார்." ஒன்பதாம் வகுப்பில் நான் அதிகம் கேட்பது இதைத்தான். சின்ன வகுப்புப் பிள்ளைகள் இப்படிச் சொல்வதில்லை. சாக்பீஸ் கிடைத்தால் போதும், தரையெல்லாம் யானையும் பஸ்ஸும்தான். பதின்மூன்று, பதினான்கு வயதில் தன் படத்தைப் பக்கத்து பெஞ்ச் படத்தோடு ஒப்பிட ஆரம்பித்துவிடுகிறார்கள். நோட்டைக் கையால் மறைத்துக்கொள்கிறார்கள். கூடவே இருந்து சொல்லித்தர ஆள் வேண்டிய நேரத்தில் ஓவியப் பீரியடைக் கணக்குக்குத் தாரை வார்த்துவிடுகிறோம்.

புதுக்கோட்டைப் பக்கம் ஒரு பள்ளியில் பயிற்சி ஆசிரியராக இருக்கிறேன். இஷ்டம்போல் வரையுங்கள் என்றால் பெரும்பாலான நோட்டுகளில் ஒரே படம். இரண்டு முக்கோண மலை, நடுவில் சூரியன், ஒரு குடிசை, ஒரு தென்னை. இந்த வறண்ட பூமியில் அப்படி மலையை எங்கே பார்த்தார்கள்? பிள்ளைகளைச் சொல்லிக் குற்றமில்லை. போர்டில் இருப்பதைப் பார்த்துப் போடுவதுதான் ஓவியம் என்று நாம்தான் பழக்கியிருக்கிறோம்.

அதனால் மேஜை மேல் ஒரு பித்தளைச் சொம்பை வைத்தேன். வாயை முழு வட்டமாகப் போட்டார்கள். அடிப்பாகத்தை ஸ்கேல் வைத்து நேராக இழுத்தார்கள். வாய் வட்டம், அடி தட்டை என்று மனதில் பதிந்திருப்பதை வரைகிறார்கள், சொம்பைப் பார்க்கவே இல்லை. சொம்பைக் கண் மட்டத்துக்குத் தூக்கிப் பிடிக்கச் சொன்னேன். வாய் வெறும் கோடாகிவிட்டது. மெல்ல இறக்க இறக்க நீள்வட்டம் அகலமாகிக்கொண்டே வந்தது. மேஜையில் வைத்துப் பார்த்தால் அடிவளைவு வாயைவிட இன்னும் கொஞ்சம் வளைந்திருக்கும். "இது வட்டமே இல்லையே சார்!" என்று கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பெண் கத்தினாள். ட்ராயிங் வராது என்று சொன்னவள்தான். அவள் போட்ட கோடுகள் கோணல்மாணல்தான், ஆனால் அவள் சொம்பு மேஜையில் உட்கார்ந்திருந்தது. அழகாக வண்ணம் தீட்டிய மலைகளை விட எனக்கு அந்தச் சொம்பு பெரிது.

சித்தன்னவாசல் எங்களுக்குப் பக்கம்தான். ஆயிரம் வருடத்துக்கும் முன்னால் அங்கே குகைக் கோயிலின் விதானத்தில் தாமரைக் குளம் வரைந்தவர் மொட்டு, விரிந்த பூ, இலை, மீன், எருமை என்று ஒவ்வொன்றையும் உற்றுப் பார்த்திருக்கிறார். அந்தக் கண் நம் பிள்ளைகளுக்கும் வரும். பழக்க வேண்டும், அதற்கு வாரந்தோறும் நேரமும் நிலையான ஆசிரியரும் வேண்டும்.

2012-ல் அரசுப் பள்ளிகளுக்கு ஓவியம், உடற்கல்வி, தையல் என்று எல்லாம் சேர்த்து 16,549 பேரைப் பகுதிநேர ஆசிரியர்களாக எடுத்தார்கள். வாரத்துக்கு மூன்று அரை நாள் வேலை, சொற்பச் சம்பளம். பணி நிரந்தரம் கேட்டு எத்தனை தடவை தெருவில் உட்கார்ந்தார்கள்! அவர்கள் கேட்பது நியாயம் என்பது என் உறுதியான கருத்து.

வரைந்து என்ன சம்பாதிக்கப் போகிறான் என்று கேட்கும் பெற்றோருக்கு ஒன்று சொல்வேன். கொத்தனாருக்கும் தச்சருக்கும் தையல்காரருக்கும் அளவு கண்ணில்தான் இருக்கிறது. உங்கள் பிள்ளையின் அறிவியல் நோட்டில் இதயத்தின் படத்தைப் பாருங்கள், அதன் பாகங்கள் புரிந்து வரைந்திருக்கிறானா என்று தெரிந்துவிடும்.

அடுத்த பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்குப் போகிறவர்கள் டைம்டேபிளைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். ஓவியத்துக்கு எந்த நாள், எந்தப் பீரியட், போன மாதம் அதில் என்ன நடந்தது என்று தலைமையாசிரியரிடம் கேளுங்கள்.