பம்ப்ப மாத்துறதுக்கு முன்னாடி டேங்க் மூடிய திறந்து பாருங்க

பழைய செவர்லே சி10 பிக்கப் ஓடிட்டு இருக்கும்போதே திணறி நின்னா டேங்க்லேர்ந்து பெட்ரோல இழுத்து இன்ஜினுக்கு அனுப்புற பம்ப் போச்சுன்னு அர்த்தம், பிரஷர் அதிகமா உள்ள எலக்ட்ரிக் பம்ப் போட்டா சரியாயிடும்னு மேல ஒருத்தர் சொல்லிருக்காரு. ரெண்டுமே தப்புங்க. அதுல பெட்ரோலையும் காத்தையும் கலந்து குடுக்குறது கார்பரேட்டர், அதிக பிரஷர்ல பெட்ரோல பீச்சுற இன்ஜெக்டர் இல்ல. பிரஷர் 4லேர்ந்து 7 பிஎஸ்ஐ இருந்தாலே தாராளம், அதுக்கு மேல தள்ளுனா கார்பரேட்டருக்குள்ள பெட்ரோல் வரத்த அடைக்குற ஃப்ளோட் நீடில் தாங்காது, பெட்ரோல் பொங்கி சூடான இன்ஜின் மேலயே ஊத்தும், தீப்பிடிக்க வேற என்ன வேணும்?

இருபது நிமிஷம் நல்லா ஓடி நிக்குதா, உடனே டேங்க் மூடிய திறங்க. "உஸ்"னு காத்து உள்ள போச்சுன்னா டேங்க்குக்குள்ள காத்து போற வழி (வென்ட்) அடைச்சிருக்கு, டேங்க்ல வேக்குவம் ஆயி பம்ப்பால இழுக்க முடியல, அவ்ளோதான். (72 மாடல் வரைக்கும் டேங்க் சீட்டுக்குப் பின்னாடி, கேபினுக்குள்ளயே இருக்கும், கீழ குனிஞ்சு தேடாதீங்க.)

அடுத்தது டேங்க்குக்கும் பம்ப்புக்கும் நடுவுல இருக்குற ரப்பர் ஹோஸ். அது இழுக்குற பக்கம்ங்கறதால வெடிப்பு இருந்தா பெட்ரோல் வெளிய சொட்டாமலேயே காத்து உள்ள போகலாம். நான் இதுல ரெண்டு வாரம் ஏமாந்தேன், ஹோஸ் வெளிய காய்ஞ்சு சுத்தமா இருந்துச்சு, வளைச்சுப் பார்த்தப்பதான் கிளாம்ப் பக்கத்துல முடி மாதிரி ஒரு கீறல்.

அதெல்லாம் சரியா இருந்தா அப்புறம் பம்ப்ப சந்தேகப்படுங்க. இன்ஜின் ஆறுனப்புறம் ஸ்பார்க் வராம இருக்க இக்னிஷன் காயில் வயர கழட்டிட்டு, கார்பரேட்டருக்குப் போற லைன ஒரு பாட்டில்ல விட்டு, சாவியத் திருப்பி ஸ்டார்ட்டர்ல இன்ஜின சுத்த விடுங்க, 30 செகண்டுக்குள்ள அரை லிட்டர் கிட்ட வந்தா பம்ப் நல்லாத்தான் இருக்கு.