பளபளப்பை நம்பி வாங்காதீர்கள்

பழைய ஃபைபர்கிளாஸ் (கண்ணாடியிழை) கிளைடரின், அதாவது இன்ஜின் இல்லாத விமானத்தின், மேல்பூச்சு நன்றாக இருந்தால் பாதிக் கவலை தீர்ந்தது என்று, அதை வாங்குவது பற்றி நான் படித்த ஒரு கட்டுரை சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. புதுப் பூச்சைக் கண்டால்தான் எனக்குச் சந்தேகமே வரும். அடியில் என்ன ஒட்டுவேலை ஒளிந்திருக்கிறதோ!

நான் பார்க்கப்போன ஒன்று கண்ணாடிபோல் மின்னியது. வாலுக்குப் போகும் ஒடுங்கிய குழல் பகுதியில் நாணயத்தால் தட்டிக்கொண்டே போனேன். 'டக் டக்' என்று கணீரென வந்த சத்தம், ஓர் உள்ளங்கை அகலத்துக்கு மட்டும் 'தொப்' என்று அமுங்கியது. தரையிறங்கும்போது இறக்கை நுனி தரையில் மாட்டி விமானம் சுழன்றால் அடிபடுவது பெரும்பாலும் அந்த இடம்தான். பதிவேட்டில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. திரும்பி வந்துவிட்டேன்.

1957-இல் பறந்த ஃபீனிக்ஸ் முதல் பல ஆரம்பகால கிளைடர்களில் கண்ணாடியிழைக்கு நடுவே பால்சா என்ற லேசான மரம்தான் இருக்கிறது. ஈரம் புகுந்தால் உள்ளுக்குள்ளேயே உளுத்துப்போகும். பல ஜெர்மன் மாடல்களுக்கு 3,000 மணி நேரம் பறந்ததும் செய்யவேண்டிய பரிசோதனை உண்டு. அது முடிந்ததா என்று கட்டாயம் கேளுங்கள். சுக்கான், எய்லரான்களுக்கு (இறக்கையின் பின்விளிம்பில் அசையும் பலகைகள்) மறுபூச்சு அடித்திருந்தால் அதன்பின் அவற்றை எடை போட்ட சான்றையும் கேளுங்கள். கூடுதல் பூச்சு சமநிலையைக் கெடுத்தால் வேகத்தில் அவை படபடத்து, விமானமே உடையலாம்.