ஜிக்சா ஆடினால் மறதி நோய் வராதா?

ஜிக்சா என்பது துண்டு துண்டாக வெட்டிய படத்தைச் சேர்த்து முழுப் படமாக்கும் விளையாட்டு. "தினமும் ஒரு மணி நேரம் கணினியில் ஜிக்சா ஆடுங்கள், ஒரே மாதத்தில் ஞாபகசக்தி கூடும், மறதி நோய் எட்டியே பார்க்காது" என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது. தவறு.

ஜெர்மனியின் உல்ம் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதைச் சோதித்தே பார்த்துவிட்டார்கள். 2018இல் வெளியான ஆய்வு அது. 50 வயதும் அதற்கு மேலும் ஆன 100 பேர். அவர்களில் ஒரு பிரிவினர் 30 நாள், தினமும் குறைந்தது ஒரு மணி நேரம் ஜிக்சா சேர்த்தார்கள். சராசரியாக ஆளுக்கு 3,589 துண்டுகள்! சரி, பலன்? துண்டு சேர்க்கும் திறமை கூடியது. மற்ற பிரிவினரோடு ஒப்பிட்டால் அறிவாற்றலில் சொல்லிக்கொள்ளும்படி எதுவும் மாறவில்லை. பல வருடங்களாக ஆடிவந்தவர்கள் அறிவாற்றல் சோதனைகளில் நன்றாகச் செய்தது உண்மைதான். ஆனால் ஆடியதால் மூளை கூர்மையானதா, கூர்மையானவர்கள்தான் தேடிப்போய் ஆடுகிறார்களா என்பதை அதை வைத்துச் சொல்ல முடியாது.

அப்புறம், கையால் சேர்க்கும் அட்டை ஜிக்சாவோடு ஒப்பிட்டால் கணினி விளையாட்டே வேறு மாதிரி. துண்டைச் சரியான இடத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோனாலே 'டக்' என்று ஒட்டிக்கொள்ளும். துண்டுகளைத் திருப்பிவைக்கும் 'சுழற்சி' அமைப்பை அணைத்துவிட்டால் எல்லாத் துண்டும் நேராகவே வந்து நிற்கும். ஓரத் துண்டுகளைப் பொறுக்க ஒரு பொத்தான். பின்னணியில் மங்கலாக முழுப் படம் தெரிய இன்னொன்று. நானும் இரவில் 300 துண்டுப் படம் ஒன்றை முடித்துவிட்டுத்தான் தூங்கப் போவேன். அதில் பாதி வேலையை மென்பொருளே பார்த்துவிடுகிறது.