சிகாகோவில் யாரும் யாருடைய வெற்றியையும் பறிக்கவில்லை

மூன்று நாளாக அந்தக் காணொளி சுற்றிச் சுற்றி வருகிறது. எதைச் சொல்கிறேன் என்று உங்களுக்கே தெரியும். 32.9 சதவீதம் வாங்கியவர் வீட்டுக்குப் போனாராம், 21.6 வாங்கியவர் சிகாகோ மேயராக வந்து உட்கார்ந்தாராம், இடையில் ஏதோ நடந்துவிட்டதாம். பகிர்ந்தவர்களில் நான் மதிக்கிற நண்பர்களும் இருக்கிறார்கள். அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

அந்த எண்கள் பொய்யில்லை. 2023 பிப்ரவரி 28 அன்று பால் வாலஸுக்கு 1,85,743 வாக்கு, பிராண்டன் ஜான்சனுக்கு 1,22,093. ஆனால் அது முதல் சுற்று. மொத்தம் ஒன்பது பேர் நின்றார்கள். யாராவது ஒருவர் பாதிக்கு மேல் ஒரு வாக்காவது கூடுதலாக வாங்கியிருந்தால் அன்றைக்கே ஆட்டம் முடிந்திருக்கும். யாரும் வாங்கவில்லை. பாதியைத் தாண்டாவிட்டால் முதல் இரண்டு பேர் மட்டும் மறுபடி மோத வேண்டும் என்பது விதி. மனு கொடுத்த அன்றே ஒன்பது பேருக்கும் தெரிந்த விதி அது. நடுவில் யாரும் மாற்றவில்லை.

இடையில் ஏதோ நடந்தது என்கிறீர்களே, நடந்தது ஏப்ரல் 4ஆம் தேதி வாக்குப்பதிவு. அதைத்தான் அந்தக் காணொளி காட்டவே இல்லை.

கூட்டிக் கழித்துப் பாருங்கள். முதல் சுற்றில் இந்த இருவருக்கும் போடாதவர்கள் ஏறத்தாழ 2,57,000 பேர். அன்றைக்கு மேயராக இருந்த லோரி லைட்ஃபுட் மூன்றாவதாக வந்து வெளியேறினார், சூயி கார்சியா நான்காவது, வில்லி வில்சன் ஐந்தாவது. இவர்களுக்குப் போட்ட அத்தனை பேரும் இரண்டாம் சுற்றில் வேறு ஒருவரைத் தேட வேண்டியிருந்தது. கார்சியா ஜான்சனை ஆதரித்தார், வில்சன் வாலஸை ஆதரித்தார், லைட்ஃபுட் யாரையும் ஆதரிக்கவில்லை. போதாததற்கு முதல் சுற்றைவிட ஏறக்குறைய 48,000 வாக்கு அதிகம் பதிவானது. வாலஸுக்குப் புதிதாகச் சேர்ந்தது சுமார் 1,07,000. ஜான்சனுக்குச் சேர்ந்தது சுமார் 1,97,000. அவ்வளவுதான் விஷயம். முதலில் முந்தியவருக்கு வெளியிலிருந்து ஆள் வந்தது குறைவு, பின்தங்கியவருக்கு அதிகம்.

இன்னொரு பக்கமும் பாருங்கள். வாலஸை அன்றைக்கே மேயராக்கியிருந்தால், அவருக்கு வாக்களிக்காத 67 சதவீதம் பேரை என்ன செய்வீர்கள்? அவர்களுக்காகத்தான் இரண்டாம் சுற்று.

"நம்ம ஊரில் முந்தினவர்தானே ஜெயிப்பார்" என்று ஒரு தம்பி கேட்டிருந்தார். ஆமாம் தம்பி, நம் சட்டம் அப்படி. அங்கே சட்டம் வேறு. கபடியின் விதியை வைத்துக்கொண்டு கால்பந்தில் தப்பு கண்டுபிடிக்க முடியாது.

சிகாகோவில் இந்தச் சட்டம் எப்படி வந்தது என்பதையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதில் ஒரு கசப்பு இருக்கிறது. 1931க்குப் பிறகு அந்த நகரத்தில் ரிபப்ளிகன் மேயர் ஒருவரும் இல்லை. அதனால் டெமாக்ரடிக் கட்சி தன் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் உட்கட்சித் தேர்தலில் ஜெயித்தாலே பாதி மேயர் ஆகிவிட்ட மாதிரி. 1983இல் ஜேன் பர்னும் ரிச்சர்ட் எம். டேலியும் வெள்ளையர் வாக்கைப் பிரித்துக்கொள்ள, ஹெரால்ட் வாஷிங்டன் சுமார் 36 சதவீதத்தில் உட்கட்சித் தேர்தலை வென்றார். பிறகு பொதுத்தேர்தலிலும் வென்று நகரத்தின் முதல் கறுப்பின மேயரானார். 1995இல், சிகாகோ இருக்கும் இல்லினாய் மாநிலத்தின் சட்டமன்றம் கட்சிப் பெயர் இல்லாத தேர்தல், பாதிக்கு மேல் வாங்காவிட்டால் இரண்டாம் சுற்று என்று மாற்றியது. 1999இல் முதல்முறை நடைமுறைக்கு வந்தது. இன்னொரு வாஷிங்டன் அப்படி வந்துவிடக் கூடாது என்பதற்காகத்தான் இந்த மாற்றம் என்று அங்கே பலர் இன்றும் சொல்கிறார்கள். அந்தச் சந்தேகத்தை நான் தள்ளிவிடவில்லை. ஆனால் அதே விதியில் 2019 இரண்டாம் சுற்றுக்கு வந்த இருவருமே கறுப்பினப் பெண்கள். லைட்ஃபுட் 50 வார்டுகளிலும் வென்றார். 2023இல் வென்ற ஜான்சனும் கறுப்பினத்தவர்தான். விதி யாருக்காக எழுதப்பட்டிருந்தாலும், யார் வருவது என்பதை வாக்காளர்தான் முடிவு செய்தார்கள்.

இந்த முறையில் குறையே இல்லையா என்றால் இருக்கிறது. 2019இல் 14 பேர் நின்றார்கள். முதலில் வந்த லைட்ஃபுட்டுக்கு 17.5 சதவீதம், இரண்டாவது வந்த டோனி பிரெக்விங்கிளுக்கு 16. இருவரையும் சேர்த்தாலே மூன்றில் ஒரு பங்குதான். மூன்றாவது வந்த பில் டேலிக்கும் இரண்டாம் இடத்துக்கும் இடையே சுமார் 7,000 வாக்கு. வாக்கு அப்படிச் சிதறும்போது யார் அந்த இருவர் என்பது கொஞ்சம் அதிர்ஷ்டமும்தான். இது நியாயமான குறை, இதைப் பேசுங்கள், நானும் வந்து பேசுகிறேன். நீங்கள் பரப்புவது இதை இல்லையே.

"ஒரே நாளில் 1, 2, 3 என்று விருப்ப வரிசை போடச் சொன்னால் போயிற்று" என்று எழுதியவருக்கு: போடலாம். சான் ஃபிரான்சிஸ்கோவிலும் மினியாபொலிஸிலும் அப்படித்தான். ஆனால் 2024 இலங்கை ஜனாதிபதித் தேர்தலை நினைத்துப் பாருங்கள். யாரும் பாதியைத் தாண்டாததால் அங்கே முதல்முறையாக இரண்டாம் விருப்பத்தை எண்ணினார்கள். முதல் இருவருக்கும் வெளியே விழுந்தவை 33 லட்சம் வாக்குகள். அவற்றிலிருந்து அநுரவுக்கும் சஜித்துக்கும் சேர்ந்து கிடைத்தவை 2,73,000தான். மற்றவர்கள் இரண்டாவது விருப்பம் குறிக்கவில்லை, அல்லது குறித்தது இந்த இருவரையும் அல்ல. கடைசியில் மிஞ்சப்போவது யார் என்று தெரியாமலே குறிக்கச் சொன்னால் இப்படித்தான் ஆகும். சிகாகோ வாக்காளர் கையில் வாக்குச்சீட்டு வரும்போது அதில் இரண்டே பெயர்கள். இந்த வித்தியாசம் சின்னது இல்லை.

அடுத்து அந்த ஐந்து வாரம். "தில்லுமுல்லு செய்யத்தான் இவ்வளவு இடைவெளி" என்று காணொளியின் கடைசியில் ஒரு வரி வருகிறதே, அதைப் பார்த்ததும்தான் எனக்குப் பொறுமை போனது. பிப்ரவரி 28இலிருந்து ஏப்ரல் 4 வரை 35 நாள். தேர்தல் நாளுக்குள் தபால் முத்திரை விழுந்த வாக்கு, அதற்கு அடுத்த 14 நாளுக்குள் வந்து சேர்ந்தால் எண்ண வேண்டும் என்பது இல்லினாய் சட்டம். அப்படிப் பார்த்தால் மார்ச் 14 வரை முதல் சுற்றே முடியவில்லை. அதன் பிறகு முடிவை முறைப்படி அறிவிக்க வேண்டும். கவுன்சிலர் பதவிக்கும் இதே பாதி விதிதான் என்பதால் எந்தெந்த வார்டில் மறுபடி போட்டி என்று உறுதிசெய்து, வார்டுக்கு ஏற்றபடி வாக்குச்சீட்டை மாற்றி அச்சடிக்க வேண்டும். தபால் வாக்கு கேட்டவர்களுக்கு அனுப்ப வேண்டும், அவர்கள் திருப்பி அனுப்ப நாள் வேண்டும். மார்ச் 20 அன்று 50 வார்டுகளிலும் முன்கூட்டியே வாக்களிக்கும் மையங்கள் திறந்தாக வேண்டும். 14க்கும் 20க்கும் நடுவே எத்தனை நாள் என்று எண்ணிப் பாருங்கள். அங்கே நேரம் அதிகமாக இல்லை, பற்றாக்குறையாக இருந்தது.

தபால் வாக்கைப் பற்றி இவ்வளவு சந்தேகம் கிளப்புகிறவர்கள் ஒரு உறை எப்படி எண்ணிக்கைக்குப் போகிறது என்று ஒருமுறையாவது படித்தார்களா தெரியவில்லை. உறையின் மேல் வாக்காளர் கையெழுத்து இருக்க வேண்டும். பதிவேட்டில் இருக்கும் கையெழுத்தோடு ஒப்பிடுவார்கள். கையெழுத்தே போடாமல் அனுப்புகிறவர்கள் உண்டு. கடைசி நாள் மாலை, பெட்டியில் தபால் எடுத்து முடித்த பிறகு போட்டுவிட்டுப் போகிறவர்கள் உண்டு. முத்திரை மறுநாள் தேதியில் விழுந்தால் அந்த வாக்கு செல்லாது. தாமதமாக வருவதெல்லாம் கள்ள வாக்கு என்றால், முத்திரை ஒரு நாள் தப்பியதற்காகத் தள்ளப்பட்ட வாக்கை என்னவென்று சொல்வீர்கள்?

இதில் எனக்கு அதிகம் வலித்தது வேறு. காணொளியில் எந்தெந்த வார்டுகளைச் சிவப்பில் வட்டமிட்டிருக்கிறார்கள் என்று பார்த்தீர்களா? தெற்கு, மேற்குப் பகுதி வார்டுகள். கறுப்பின மக்கள் அதிகம் வாழும் இடங்கள். அங்கிருந்து வந்த வாக்கு மட்டும் எப்படிச் சந்தேகத்துக்குரியதானது? முதல் சுற்றில் அங்கே லைட்ஃபுட்டுக்கும் வில்சனுக்கும் போட்டவர்கள், அவர்கள் களத்தில் இல்லாதபோது மிச்சமிருந்த இருவரில் ஒருவரைத் தேர்ந்தெடுத்தார்கள். தன் வாக்குக்கு ஒரு ஏழைக் குடும்பம் ஏன் உங்களிடம் விளக்கம் சொல்ல வேண்டும்? தோற்ற வாலஸே அன்றிரவு தோல்வியை ஒப்புக்கொண்டார். பிறகு வந்த தபால் வாக்குகளால் ஜான்சனின் இடைவெளி இன்னும் கூடியது. வேட்பாளருக்கே இல்லாத சந்தேகம் இத்தனை ஆயிரம் மைல் தள்ளி இருக்கிற நமக்கு எங்கிருந்து வந்தது?

வாக்களித்தவர்கள் 40 சதவீதத்தைக்கூடத் தொடவில்லை என்பீர்கள். உண்மை, எனக்கும் அது வருத்தம்தான். ஆனால் முதல் சுற்றில் வந்தவர்கள் அதைவிடவும் குறைவு. குறைவான கூட்டம் சொன்னதைச் செல்லும் என்கிறீர்கள், அதைவிடப் பெரிய கூட்டம் சொன்னதை மட்டும் திருட்டு என்கிறீர்கள்.

2027 பிப்ரவரியில் அங்கே மறுபடி தேர்தல். அதற்குள் இந்தக் காணொளி இன்னும் பத்து முறை சுற்றும் என்று தெரியும். பகிர்ந்த நண்பர்களிடம் நீக்கச் சொல்லிக் கேட்கவில்லை. அந்த இரண்டு எண்களுக்குக் கீழே இந்த இரண்டையும் சேர்த்துப் போடுங்கள். 2023 ஏப்ரல் 4: ஜான்சன் 3,19,481. வாலஸ் 2,93,033.